குட்டி எஞ்சின் பட்டறை: கேள்வி பதில்

பெயின்ட் டப்பாவிலும் மாடல் ரயில் எஞ்சின் கிட் பெட்டியிலும் அச்சிட்டிருக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்ந்த, காய்ந்த காற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை எழுத்துப் பிசகாமல் சிங்கப்பூரில் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு முதல் கடிதமே சாட்சி.

“என் டீசல் எஞ்சினுக்கு ஸ்ப்ரே கேனில் கறுப்பு லாக்கர் பெயின்ட் அடித்தேன். மழை விட்ட மாலை நேரம். பத்து நிமிடத்தில் கூரை முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிட்டது. பெயின்ட் பழசா? சுரண்டி எடுத்துவிடவா?” (ஈசூன் வாசகர்)

சுரண்ட வேண்டாம். பெயின்ட் மேல் குற்றமில்லை, நேரத்தின் மேல்தான் குற்றம். லாக்கரில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகத் துளிக்கத் தொடங்கும் வெப்பநிலை) கிட்டத்தட்ட 26 டிகிரி. அதாவது, பரப்பு வெறும் நான்கு டிகிரி குளிர்ந்தாலே காற்றிலுள்ள ஈரம் பெயின்ட்டுக்குள் துளித்துளியாக இறங்கிவிடும். நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான். கேனில் அடித்தால் இன்னும் மோசம், ஏனென்றால் உள்ளிருந்து வரும் வாயுவே சில்லென்று வருகிறது.

மழை இல்லாத நாளில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு இங்கே ஈரப்பதம் 60 விழுக்காடு வரை இறங்கும். விடியலுக்கு முன் 90க்கு மேல் போகும். 60 விழுக்காட்டில் பனிநிலை 21 டிகிரியை ஒட்டி இருப்பதால் எட்டு டிகிரிக்கு மேல் இடைவெளி கிடைக்கிறது. ஏர்கான் ஓடிய அறையில் 25 டிகிரி, 55 விழுக்காடு என்றால் இடைவெளி பத்து டிகிரியை நெருங்கும். ஆகவே அறையில் ஒரு மணி நேரம் ஏர்கானைப் போட்டு ஈரத்தை இறக்கிவிட்டு, பிறகு அடியுங்கள். பத்து வெள்ளிக்குள் கிடைக்கும் ஈரமானி ஒன்றை மேசைமேல் வைத்து, 65க்கு மேல் காட்டினால் லாக்கர் பக்கமே போகாதீர்கள். அன்றைக்குச் சால்டரால் பற்றவைக்கும் வேலையைப் பாருங்கள்.

இப்போது வெளுத்ததைச் சரிசெய்ய: மெதுவாக ஆவியாகும் தின்னர், அதாவது ரிடார்டர் கலந்த ‘லெவலிங்’ வகைத் தின்னர், வாங்குங்கள். ஈரம் குறைந்த நேரத்தில் அதை மட்டும் ஏர்பிரஷ்ஷில் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 15 செ.மீ. தள்ளி நின்று, பனி படிவதுபோல் ஒரு பூச்சு கொடுங்கள். மேல்தோல் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பிவிடும். ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் பெயின்ட் வழிந்து ரிவெட் எல்லாம் மூழ்கிப்போகும். கேனைத்தான் பயன்படுத்துவேன் என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். கொதிநீர் கூடவே கூடாது.

கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அழுத்தும்போது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும், ஆனால் காற்று ஆறிய பிறகுதான் முழுமையாகப் பிரியும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் நீர்ப்பொறியைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் சூடான காற்று ஈரத்தோடு அதைத் தாண்டிப் போய், குழாயில் குளிர்ந்து, கடைசியில் எஞ்சினின் நெற்றியில் சொட்டாக விழும். இரண்டு மூன்று மீட்டர் குழாய்க்குப் பின், ஏர்பிரஷ்ஷுக்கு அருகில் இன்னொரு பொறி வையுங்கள். வேலை முடிந்ததும் டாங்க் அடியிலிருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள்.

அடித்த பெயின்ட்டை எங்கே காயவைப்பது? கேமராவுக்காக வாங்கி வைத்திருக்கும் உலர்பெட்டி பல வீடுகளில் இருக்கிறது. 45 விழுக்காட்டில் வைத்து ஓர் இரவு விட்டால் போதும். ஆனால் அடித்த கையோடு உள்ளே வைக்காதீர்கள். கரைப்பான் வாடை அடங்கும்வரை வெளியே, கவிழ்த்த ஐஸ்கிரீம் டப்பாவுக்கு அடியில் இருக்கட்டும். லென்ஸ் பக்கத்தில் தின்னர் ஆவி நல்லதல்ல, வீட்டில் சண்டையும் வரும்.

“வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எங்கே நின்று அடிப்பது? நடைவழியில் அடிக்கலாமா?” (செங்காங் வாசகி)

நடைவழி வேண்டாம். அண்டை வீட்டாருக்கு நெடி, உங்களுக்குத் தூசி. விசிறியும் வடிகட்டியும் உள்ள மடக்கு ஸ்ப்ரே பெட்டியை ஜன்னல் அருகில் வைத்து, குழாயை வெளியே விடுங்கள். விடுமுன் கீழே எட்டிப் பாருங்கள், கீழ்மாடியில் மூங்கில் கழியில் துணி காய்கிறதா என்று. சமையலறையில் அடிப்பவர்கள் அடுப்பு மட்டுமல்ல, கேஸ் வாட்டர் ஹீட்டரும் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரைப்பான் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். மருத்துவ முகக்கவசம் இதற்கு உதவாது. கரி வடிகட்டி உள்ள, கரைப்பான் ஆவிக்கான முகமூடிதான் வேண்டும்.

“ஜப்பானிலிருந்து வாங்கிய கேட்டோ நிறுவனத்தின் மாடல் ரயில் கன்ட்ரோலரை இங்கே பிளக் மாற்றி மாட்டினால் போதுமா?” (சுவா சூ காங் வாசகர்)

போதாது, புகைந்துவிடும். ஜப்பானில் விற்கும் கன்ட்ரோலர் 100 வோல்ட்டுக்கானது, நம் சுவரில் வருவது 230 வோல்ட். பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். 230ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி இடையில் வையுங்கள். அடியிலுள்ள சீட்டில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் மட்டும் நேராக மாட்டலாம்.

“தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வந்துபோன மலாயா ரயில் எஞ்சினைச் செய்ய ஆசை. கடையில் எச்ஓ, ஓஓ, என் என்று மாடல் அளவைக் கேட்கிறார்கள். எது சரி?” (புக்கிட் பாஞ்சாங் வாசகர்)

2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் அங்கிருந்து புறப்படும்வரை அது மீட்டர் கேஜ் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மி.மீ. கடைகளில் கிடைக்கும் மாடல்கள் பெரும்பாலும் 1,435 மி.மீ. பாதைக்கானவை. குழப்பம் இங்கேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓஓ அளவில், அதாவது 1:76ல், மீட்டர் பாதை 13.2 மி.மீ. ஆக வேண்டும். ஓஓ தண்டவாளமோ 16.5 மி.மீ. அதில் மலாயா எஞ்சினை நிறுத்தினால் கால் அகட்டி நிற்பவர் மாதிரி இருக்கும். எச்ஓ அளவில், அதாவது 1:87ல், 11.5 மி.மீ. வருகிறது. ஐரோப்பிய மீட்டர் பாதை மாடல்களுக்கான 12 மி.மீ. தண்டவாளம் அதற்கு ஏறக்குறையப் பொருந்தும். 1:120ல் 8.3 மி.மீ. வருகிறது, ‘என்’ தண்டவாளம் 9 மி.மீ. முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த பிசகு கண்ணுக்குத் தெரியாது.

நிஜத்தில் 15 மீட்டர் நீளமுள்ள எஞ்சின் 1:87ல் 172 மி.மீ., 1:120ல் 125 மி.மீ. இருக்கும். இடம் தாராளமாக இருந்தால் முதலாவது. வீவக வீட்டு மேசைதான் என்றால் 1:120 என்பதே எங்கள் கட்சி. ‘என்’ தண்டவாளத்தின் 280 மி.மீ. ஆரமுள்ள வளைவு 65 செ.மீ. அகல மேசைக்குள் திரும்பிவிடும். அடிச்சட்டம் வாங்கும்போது அச்சுகளை எண்ணுங்கள். 1957ல் மலாயாவுக்கு வந்த இங்கிலீஷ் எலக்ட்ரிக் டீசல்களுக்கு ஒரு போகியில் (எஞ்சினுக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டத்தில்) மூன்று அச்சு. இரண்டச்சு போகியின்மேல் அந்த உடலை வைத்தால், எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும்.

உடலை ரெசின் 3டி அச்சில் எடுப்பதானால் சுவர் 1 முதல் 1.2 மி.மீ. இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் வளையும், கெட்டியானால் ஜன்னல் ஆழமாகத் தெரியும். ஆல்கஹாலில் கழுவி, முழுமையாக ஒளியில் இறுக்கிய பிறகே பிரைமர். இறுகாத ரெசின் ஓரிரு வாரம் கழித்துப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து பிசுபிசுவென்று கசியும். அச்சு விட்ட அடுக்கு வரிகளை 600, பிறகு 1000 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

“பித்தளை கிட்டைப் பற்றவைத்து முடித்து ஒரு வாரம் விட்டேன். மூட்டெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. அதோடு, வெள்ளை உலோகப் புகைபோக்கியைப் பற்றவைக்கப் போய் அதன் விளிம்பு உருகிவிட்டது.” (ஹவ்காங் வாசகர்)

பச்சை, கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்கப் பூசும் திரவம்) செய்த வேலை. பாஸ்பாரிக் அமில ஃபிளக்ஸ் பித்தளைக்கு அருமையானது, ஆனால் அன்று மாலையே கழுவியாக வேண்டும். வெந்நீர், சமையல் சோடா, பழைய பல்துலக்கி இவை போதும். கழுவிய பின் ஹேர் டிரையரால் மூலைமுடுக்கை உலர்த்துங்கள். அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள், விரல்ரேகை பெயின்ட்டுக்கு அடியில் கறையாக வளரும். பித்தளைக்குச் சாதாரண பிரைமர் நிற்காது. உலோகத்தைக் கொஞ்சம் அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் தேவை.

புகைபோக்கிக்கு: பித்தளைத் தகடுகளுக்கு 145 டிகிரியில் உருகும் சால்டரும் 50 வாட் சூட்டுக்கம்பியும் (சால்டரிங் அயர்ன்) சரி. வெள்ளை உலோகத்துக்கு 70 டிகிரி சால்டர் வேண்டும், சூட்டுக்கம்பியின் சூட்டையும் 150 டிகிரி அளவுக்கு இறக்க வேண்டும். ஆனால் 70 டிகிரி சால்டர் பித்தளையில் நேராகப் பிடிக்காது. ஆகவே பித்தளையில் புகைபோக்கி உட்காரும் இடத்தில் மட்டும் முதலில் 145 டிகிரி சால்டரை மெல்லப் பூசி, ஆறவிட்டு, பிறகு புகைபோக்கியை வைத்து 70 டிகிரி சால்டரால் இணையுங்கள். உருகிய விளிம்பில் அதே சால்டரைக் கொஞ்சம் ஏற்றி அரத்தால் வடிவத்துக்குக் கொண்டுவரலாம்.

“ஆறு சக்கர நீராவி எஞ்சின். மோட்டார் இல்லாமல் தள்ளினால்கூடச் சுற்றுக்குச் சுற்று திக்கித் திக்கி நிற்கிறது. சக்கரங்களை இணைக்கும் இணைதண்டைக் கழற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எதைத் திருத்துவது?” (பிடோக் வாசகர்)

மோட்டாரை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தேடுகிறீர்களே, அதுவே பாதி வைத்தியம். இனி, எங்கே திக்குகிறது என்று பாருங்கள். அந்த இடமே நோயைச் சொல்லிவிடும்.

எஞ்சினின் இரு பக்கக் கிராங்குகளும், அதாவது சக்கரத்தில் இணைதண்டு மாட்டும் ஊசிகளும், ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க முன்னே போய்த் தள்ள வலுவில்லாமல் நிற்கும்போது, மறுபக்கம் மேலேயோ கீழேயோ இருந்து இழுத்துக்கொள்ளும். ஏதாவது ஒரு பக்கக் கிராங்க் ஊசி அச்சுக்கு நேர் முன்னோ நேர் பின்னோ, கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடத்தில், வரும்போது திக்கினால் தண்டின் துளை இடைவெளியும் அச்சு இடைவெளியும் ஒத்துப்போகவில்லை. இரு பக்க ஊசிகளும் சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில், இருக்கும்போது திக்கினால் ஏதோ ஓர் அச்சின் 90 டிகிரி கோணம் மற்றவற்றோடு பொருந்தவில்லை.

கோணம் சரியாக 90 இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 88 ஆனாலும் எஞ்சின் ஓடும், மூன்று அச்சிலும் அதே 88 இருந்தால்.

முதலில் முன் அச்சையும் நடு அச்சையும் மட்டும் தண்டால் இணைத்து உருட்டுங்கள். சுகமாக ஓடும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். பிறகு நடுவையும் பின்னையும் இணையுங்கள். கடைசியாக மூன்றையும். கோணப் பிசகு என்றால் ஒரு சக்கரத்தை அச்சில் மயிரிழை திருப்பிப் பாருங்கள். இடைவெளிப் பிசகு என்றால் தண்டின் துளையைக் குறுகிச் செல்லும் ஐம்முனைத் துருவியால் இரண்டு சுற்று மட்டும் சீவிவிட்டு மறுபடி சோதியுங்கள். ஒரே மூச்சில் பெரிதாக்கினால் திக்கல் போய்விடும், தண்டு கடகடக்க ஆரம்பிக்கும். எல்லாத் துளையையும் பெரிதாக்குவதும் வீண், திக்கும் ஜோடியை மட்டும் தொடுங்கள். ஓஓ சக்கரங்களின் உட்புற இடைவெளி 14.5 மி.மீ. அளவில் இருக்கிறதா என்றும் கையோடு பாருங்கள். சக்கரத்தைத் திருப்பும்போது அது நகர்ந்திருக்கும்.

“டெக்கால் (நனைத்து ஒட்டும் படலம்) எழுத்துகளைச் சுற்றி வெள்ளிபோல் மினுக்கம். எழுத்து மட்டும் தெரியாமல் படலமும் தெரிகிறது.” (ஜூரோங் வாசகர்)

மங்கலான பெயின்ட்டின் மேல் நேராக ஒட்டியிருக்கிறீர்கள். மங்கல் பரப்பு நுண்ணிய மேடுபள்ளம். பள்ளத்தில் சிக்கிய காற்றுதான் மினுக்குகிறது. இனிமேல் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, டெக்கால் ஒட்டி, கடைசியில் மங்கல் வார்னிஷ் அடியுங்கள். ஒட்டியதைக் காப்பாற்ற, மெல்லிய ஊசியால் மினுக்கும் இடங்களில் குத்தி, டெக்காலை இளக்கும் மைக்ரோ சால் திரவத்தைத் தொட்டு வையுங்கள். படலம் சுருங்கும், பதறிப்போய்த் தொடக் கூடாது. காலையில் படிந்திருக்கும். மஞ்சளேறிய பழைய டெக்கால் தாளாக இருந்தால் ஜிப் பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி இரண்டு வாரம் வெயில் காட்டுங்கள், வெளுக்கும். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

“வெதரிங், அதாவது ஓடிப் பழகிய அழுக்குத் தோற்றம், செய்தேன். சேற்றில் புரண்ட எருமைபோல் இருக்கிறது. எங்கே தப்பு?” (தெம்பனிஸ் வாசகி)

எல்லா இடத்திலும் ஒரே பழுப்பை அடித்திருப்பீர்கள். அழுக்குக்குத் திசை உண்டு. புகைக்கரி மேலிருந்து விழும். மழைநீர் அதைக் கழுவிக்கொண்டு நேர்கீழாக இறங்கும். பிரேக் கட்டையிலிருந்து உதிரும் இரும்புத்தூள் சக்கரத்திலிருந்து மேலே கிளம்பி, துருப்பிடித்து, போகியையும் உடலின் கீழ் விளிம்பையும் செம்பழுப்பாக்கும். எண்ணெய் கசிகிற மூட்டில் மட்டும் இருக்கும். பிரஷ்ஷைத் தொடுமுன், இந்தக் கறை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கறை வேண்டாம்.

நிஜத்தைப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. சென்னை போகும்போது ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிடலாம். ஆனால் அங்கே நிற்பவை ஓய்வுபெற்றவை, புதுப் பெயின்ட் அடித்தவை. வடிவத்துக்கு அவற்றைப் பாருங்கள், அழுக்குக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்துப் படங்களைப் பாருங்கள்.

செய்முறை: அடிப்பெயின்ட் அக்ரிலிக், அதன்மேல் அரைப் பளபளப்பு வார்னிஷ், பிறகு ஒரு நாள் காயவிடுங்கள். இனி எனாமலில் ஒரு பங்கு கரும்பழுப்பை எட்டுப் பங்கு ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு பக்கம் முழுவதும் பூசுங்கள். அக்ரிலிக்கை ஒயிட் ஸ்பிரிட் கரைக்காது, அதனால் பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிடலாம். எனாமலின் மேல் எனாமல் போட்டால் அடியும் சேர்ந்து வந்துவிடும். பூசியது பளபளப்பிழந்து மங்கும்வரை பொறுங்கள், நம் வெப்பத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம். பிறகு தட்டைப் பிரஷ்ஷை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, துணியில் ஒற்றி, மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். குறுக்கே ஒருமுறை இழுத்தாலும் மழை பக்கவாட்டில் பெய்ததுபோல் ஆகிவிடும். கதவு இடுக்கிலும் ரிவெட்டுக்குக் கீழும் தங்குவது தங்கட்டும்.

போகிக்குச் செம்மண் நிறத்தை நன்றாக நீர்க்கவைத்து, 12 பிஎஸ்ஐயில், தண்டவாள மட்டத்தில் ஏர்பிரஷ்ஷைப் பிடித்துக் கிடையாக அடியுங்கள். இரண்டு கம்பியால் மின்சாரம் கொடுத்துச் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போதே அடிக்க வேண்டும். நிற்கும் சக்கரத்தில் அடித்தால், முதல் ஓட்டத்திலேயே பக்கச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்த துண்டு வெள்ளி நிறத்தில் பல்லைக் காட்டும்.

முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த வளைவைக் காட்ட, தூசி அடிக்குமுன் மாஸ்கிங் டேப்பை விசிறி வடிவில் வெட்டி ஒட்டிவிடுங்கள். உரித்தால் சுத்தமான அரைவட்டம். கைப்பிடியும் படிக்கட்டு விளிம்பும் ஆள் தொட்டுத் தேய்ந்தவை, 4பி பென்சிலால் லேசாக உரசினால் உலோகம் மின்னும். கூரைக்கு முழுக்கறுப்பு வேண்டாம். கருஞ்சாம்பலே போதும், சிறிய பொருளில் முழுக்கறுப்பு ஓட்டை மாதிரித் தெரியும். எண்ணெய்க் கறைக்குக் கரும்பழுப்பில் பளபளப்பு வார்னிஷ் கலந்து, டீசல் ஊற்றும் வாயின் கீழே பல்குச்சியால் ஒரே ஒரு கோடு. நீராவி எஞ்சினாக இருந்தால் சேஃப்டி வால்வுக்கும் கழுவுதுளை மூடிகளுக்கும் கீழே உப்பு படிந்த வெண்கோடு, அதுவும் நீர்க்க. வண்ணப்பொடி கடைசி வேலை. மங்கல் வார்னிஷ்ஷின் மேல் தூவுங்கள். அதன்மேல் மறுபடி வார்னிஷ் அடித்தால் பொடி பாதி மறைந்துபோகும், ஆகையால் அந்த எஞ்சினை விளிம்பைப் பிடித்துத் தூக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

“தாத்தாவின் பழைய எஞ்சின். பெட்டியைத் திறந்தால் வார்ப்பு அடிச்சட்டம் விரிசல் விட்டு, வளைந்து, சாம்பல் தூளாக உதிர்கிறது. ஒட்டலாமா?” (குவீன்ஸ்டவுன் வாசகி)

வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒட்டிப் பயனில்லை. அது துத்தநாகக் கலவை. வார்க்கும்போதே ஈயம் போன்ற மாசு கொஞ்சம் கலந்துவிட்டால், உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு தொடங்கி உள்ளிருந்தே உப்பிக்கொண்டு போகும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். திருகுகளை வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள். உப்பும் சட்டம் மேலுடலையும் பிளந்துவிடும் என்பதால் முதலில் உடலைப் பிரித்துத் தனியாக வையுங்கள். அச்சு இடைவெளிகளை இப்போதே அளந்து குறித்துக்கொள்ளுங்கள், மாற்றுச் சட்டம் தேட அது வேண்டும். பெட்டியில் பழைய ஸ்பாஞ்ச் இருந்தால் எறியுங்கள். அது இளகிப் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத மெல்லிய தாளும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

“வெதரிங்குக்கு முன் ஜோராக ஓடிய எஞ்சின் இப்போது விட்டு விட்டுத்தான் ஓடுகிறது.” (உட்லண்ட்ஸ் வாசகர்)

சக்கரத்தின் ஓடும் விளிம்பில் வார்னிஷ் படிந்திருக்கிறது. சமையலறைத் தாள் ஒன்றை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே விரியுங்கள். எஞ்சினின் ஒரு போகி தாளின்மேல், மறு போகி வெறும் தண்டவாளத்தில். கையால் பிடித்துக்கொண்டு பாதி வேகத்தில் பத்து விநாடி ஓட்டினால் தாளில் இரண்டு கறுப்புக் கோடு விழும். தாளை நகர்த்தி, கோடு விழாமல் போகும்வரை தொடருங்கள். பிறகு எஞ்சினைத் திருப்பி அடுத்த போகி. அப்படியும் திக்கினால் சக்கரத்தின் பின்புறம் உரசும் மின்தகடுகளைப் பாருங்கள், அங்கே நனைந்த பஞ்சுக்குச்சி மட்டும்தான் நுழையும்.